பனியாற்றின் மேல் ஒரு செவ்வாய்க்கிழமை

1

அருவிக்கு இருபத்தைந்து நிமிடம். கறுப்பு மணல் கடற்கரைக்கு நாற்பது. கழிப்பறைக்கும் காபிக்கும் சேர்த்துப் பதினைந்து. ஐஸ்லாந்தில் நாங்கள் போன குழுச் சுற்றுலாவில் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு அளவு இருந்தது. பன்னிரண்டு பேர், ஒரு வேன், ஒரு வழிகாட்டி. மற்றவர்கள் நேரம் போதவில்லை என்று முணுமுணுத்தார்கள். நான் மட்டும் எல்லோருக்கும் முன்னால் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஏன் வராமல் இருக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. சின்ன வயதில் ஆவடி குவார்ட்டர்ஸில் அம்மா கேட்பாள், "உன் கால்ல சக்கரமாடா கட்டிக்கிது?" அந்தச் சக்கரம் பெங்களூர், லண்டன் என்று உருட்டிக் கடைசியில் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் கொண்டுவந்து போட்டது. வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் எங்கேயோ எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி எழுந்துவிடுவேன். என் மனைவி கீதா இதற்குப் பழகிவிட்டாள். "போய் குப்பையாவது கொட்டிட்டு வாங்க" என்பாள்.

ஐஸ்லாந்து என் யோசனை இல்லை. மகள் தாரா கேட்டது. அவளுக்குப் பதினைந்து வயது. கடந்த இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டவை வைஃபை பாஸ்வேர்டும் வீட்டுச் சாவியும்தான். அப்படிப்பட்டவள் ஒரு நாள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, இது மேல நடக்கணும். நீங்களும் வரணும். ப்ராமிஸ்?" என்றாள். பனியாற்றின் மேல் வரிசையாக நடக்கும் மனிதர்களின் படம் அது. நான் அங்கேயே ப்ராமிஸ் செய்துவிட்டேன்.

ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் மூடிவிடும். எனவே ஜூன் கடைசியில் ஐஸ்லாந்து. அப்புறம் ஜூலையில் நான் மட்டும் சென்னைக்குப் போய் அம்மாவின் தலைத் திவசம். இரண்டு டிக்கெட்டையும் ஒரே மாலையில் போட்டு முடித்தேன். பிரமாதமாகத் திட்டம் போட்டிருக்கிறேன் என்று பெருமை வேறு.

2

அம்மா போன வருஷம் ஆனி மாதக் கடைசியில், கொரட்டூரில் விஜயா அக்கா வீட்டில் இறந்தாள். அப்போது நான் போக முடியவில்லை.

காரணத்தைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பவில்லை. என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய கையோடு புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பத்தோடு பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் அனுப்ப வேண்டும், அதுதான் விதி. பழையது திரும்பி வரவில்லை, புதியது இன்னும் அச்சாகவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தால் இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்றது. அம்மா இறந்துவிட்டாள் என்பதற்கு எதை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினேன். கடைசியில் வந்த பெண் மிகவும் மரியாதையாக வருத்தம் தெரிவித்தாள். பிறகு விண்ணப்ப எண்ணைக் கேட்டாள்.

அங்கே ஆவடி, பட்டாபிராம், அரக்கோணம் என்று சொந்தபந்தமெல்லாம் கூடி, கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே, சித்தப்பா மகன் வைக்கட்டும் என்று பேசியிருக்கிறார்கள். அக்கா "நான் வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டாளாம். மாமா, அதாவது அக்காவின் கணவர், வீடியோவில் காட்டினார். ஒரு சுற்று வருவதற்குள் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரியே அக்காவிடம் சொன்னேன், தலைத் திவசத்துக்கு நான் வந்து உட்காருவேன் என்று. "வாடா" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஒரு வருஷம் முழுக்க அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன்.

3

சுற்றுலாவின் இரண்டாம் நாள், திங்கட்கிழமை. வழிகாட்டியின் பெயர் சிக்ரூன். முப்பது வயதிருக்கும், செம்மறி ஆடு வளர்க்கும் குடும்பம். வாய் ஓயாமல் பேசுவாள். ஏரிக்கரையில் ஆவி வந்துகொண்டிருந்த ஓரிடத்தில் மண்வெட்டியால் தோண்டி ஒரு பாத்திரத்தை வெளியே எடுத்தாள். முந்தின நாள் புதைத்து வைத்த ரொட்டி, பூமியின் சூட்டிலேயே வெந்திருந்தது. காற்றில் அழுகிய முட்டை நாற்றம். தாரா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தொழிற்சாலை நாற்றத்துக்கு நடுவே அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸில் வேலைக்குப் போனவன் நான்.

ரொட்டியை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாமா. கரையான்சாவடியில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். போனில் பேசினால் கடைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவரோடு பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"இன்னா மச்சான், புதங்கெழம எந்த ஃபிளைட்டுல வர்றே? நைட்டா, காலைலயா? ஏர்போர்ட்டுல வந்துகினு நிக்கறேன். கடைய அரை நாள் மூடிக்கறேன்."

"எந்த புதன் மாமா?"

"இன்னா எந்த புதன்? நாளான்னிக்குதான். வியாழக்கெழம திதி கீதே. ஐயருக்குச் சொல்லியாச்சு, ஆவடி சித்தப்பாக்குச் சொல்லியாச்சு, வாழ எலகூட சொல்லியாச்சு. உங்கக்கா உனுக்குக் காலண்டர் படம் அனுப்பிச்சே."

"மாமா, இங்க சிக்னல் போகுது. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் முழுசாக இருந்தது.

வாட்ஸ்அப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனேன். சித்திரை மாதத்தில் அக்கா அனுப்பிய படம் இருந்தது. தினசரி காலண்டரின் தாளைப் புரட்டிப் பிடித்து எடுத்திருக்கிறாள். ஆனி மாதம், வளர்பிறை அஷ்டமி, வியாழக்கிழமை. அஷ்டமிக்குக் கீழே நீலப் பேனாவில் ஒரு கோடு. அதற்குக் கீழே நான் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறேன். படத்தைத் திறந்து பார்த்த நினைவே இல்லை. ஏதோ மீட்டிங்கில் இருந்திருப்பேன்.

நான் அம்மா இறந்த இங்கிலீஷ் தேதிக்கு டிக்கெட் போட்டிருந்தேன். திதி அதற்குப் பதினோரு நாள் முன்னால் வந்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்று கேட்கலாம். உண்மையிலேயே தெரியாது. அப்பா இறந்து இருபது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் அவர் திதிக்கு அம்மா போன் செய்து, "இன்னிக்குக் கவுச்சி தொடாத, தலைக்குக் குளிச்சிட்டு கும்புடு" என்பாள். நான் சாண்ட்விச்சில் சிக்கனுக்குப் பதில் சீஸ் வைத்துக்கொள்வேன். என் பங்கு அவ்வளவுதான். திதியைத் தேடிக் கண்டுபிடிப்பது அம்மாவின் வேலை. அவளுக்கே திதி வரும்போது யார் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

4

சிக்ரூனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சந்திரனை வைத்து நாள் கணக்கிடுவோம் என்று விளக்கியபோது அவள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். அந்த மாதத்தில் அங்கே இருட்டே கிடையாது, சந்திரனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கிண்டல் செய்யவில்லை, போனை எடுத்து மளமளவென்று விசாரித்தாள். நாங்கள் தங்கும் கிராமத்தின் வழியாக மாலை ஏழு மணிக்குத் தலைநகருக்கு ஒரு பஸ் போகிறது. கிளாஸ்கோவுக்குச் செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு ஒரு விமானம். அதை விட்டால் வெள்ளிதான்.

பிரிட்டிஷ் குடிமகனாகிவிட்டதால் இந்தியாவுக்குள் நுழைய எனக்கு இப்போது விசாவுக்குப் பதிலாக ஒரு அட்டை வேண்டும். அது கிளாஸ்கோ வீட்டு அலமாரியில் இருந்தது. செவ்வாய் மாலை வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்து, புதன் மதியம் விமானம் ஏறினால் வியாழன் காலை எட்டு மணிக்கு மீனம்பாக்கம். குளித்துவிட்டு உட்காரச் சரியாக இருக்கும். முடியாது என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். முடியும் என்பதுதான் தொல்லை.

"பஸ்ஸை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் சிக்ரூன். ஏழு மணிக்குள் சொல்கிறேன் என்றேன்.

கீதா யோசிக்கவே இல்லை. "போங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம். இதுக்கு மேல என்ன இருக்கு?" தாரா பாட்டுக் கேட்கக் காதில் செருகியிருந்த குமிழ்களில் ஒன்றை மட்டும் எடுத்தாள்.

"பாட்டி செத்து ஒன் இயர் ஆயிடுச்சா?"

செத்து என்றதும் எனக்குச் சுருக்கென்றது. இறந்து, தவறி, சாமிகிட்ட போய் என்றெல்லாம் நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது.

"ஆமாம்மா. நான் போகணும். நாளைக்கு ஐஸ் மேல நடக்கறது..."

"போகணும்னா போங்கப்பா. ஐயாம் ஃபைன்."

குமிழ் காதுக்குத் திரும்பிவிட்டது. இந்த 'ஐயாம் ஃபைன்' எனக்குத் தெரியும். பள்ளி இசை நிகழ்ச்சிக்கு நான் வேலை முடிந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோதும் இதையேதான் சொன்னாள். அதற்குப் பிறகு நிகழ்ச்சிகளைப் பற்றி வீட்டில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

பெட்டியைக் கட்டினேன். பிரித்தேன். மறுபடி கட்டினேன். விடுதிக்கு வெளியே பாசி மூடிய எரிமலைக் கற்களுக்கு நடுவே ஒரு பாதை இருந்தது, அதில் போனேன், வந்தேன், போனேன். அம்மாவுக்குப் போன வருஷமும் வரவில்லை, இந்த வருஷமும் வரவில்லை என்றால் நான் பிள்ளையே இல்லை. போனால், தாரா இனி எதற்கும் வாங்க என்று கூப்பிட மாட்டாள். அம்மா இறந்துவிட்டாள், தாரா இருக்கிறாள் என்று ஒரு மனசு சொல்லும். இதையே சொல்லிச் சொல்லித்தானே பதினாறு வருஷம் ஓட்டினாய் என்று இன்னொரு மனசு கேட்கும்.

ஏழு மணிக்கு பஸ் வந்து நின்றது. சிக்ரூன் சொல்லி வைத்திருந்தாள் போலிருக்கிறது. கதவைத் திறந்து ஓட்டுநர் என்னைப் பார்த்தார். பெட்டி என் கையில்தான் இருந்தது. நான் முடிவெடுத்து நின்றேன் என்று சொன்னால் அது பொய். ஏறவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவர் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

5

பனியாறு என்றதும் நான் வெள்ளையாகக் கற்பனை செய்திருந்தேன். கிட்டத்தில் போனால் கரி பூசிய மாதிரி அழுக்காக இருந்தது. எப்போதோ வெடித்த எரிமலைகளின் சாம்பல் அடுக்கடுக்காக உள்ளே உறைந்திருக்கிறது என்றாள் சிக்ரூன். தான் பள்ளிக்கூடம் படிக்கும்போது பனி இந்த வண்டி நிறுத்தும் இடம்வரை இருந்ததாகவும் சொன்னாள். அங்கிருந்து பனியின் விளிம்புக்கு நாங்கள் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

செருப்புக் கடையில் செய்வது மாதிரி குனிந்து ஒவ்வொருவர் பூட்ஸுக்கும் அடியில் இரும்புப் பற்களை மாட்டிவிட்டாள். காலை அகட்டி வை, பாதத்தைத் தட்டையாக ஊன்று, முன்னால் போகிறவரின் தடத்திலேயே மிதி, குறுக்கே போகாதே. எனக்கு முன்னால் தாரா. காதில் குமிழ்கள் இல்லை, சிக்ரூன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

ஒரு பிளவைத் தாண்ட வேண்டியிருந்தது. அகலம் இரண்டடிகூட இருக்காது, ஆனால் உள்ளே நீலமாக, அடி தெரியாமல் இறங்கியது. தாரா தாண்டிவிட்டுத் திரும்பி நின்று கையை நீட்டினாள். "அப்பா, கீழ பாக்காதீங்க. என்னைப் பாருங்க." அவள் கையைப் பிடித்துத் தாண்டினேன். தாண்டிய பிறகும் அவள் விடவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பனி உருகி ஓடிய ஒரு வாய்க்காலில் குப்புறப்படுத்துத் தண்ணீர் குடித்தோம். பல் கூசியது. அவள் மூக்கு நனைந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. அப்படிச் சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பது. கிளாஸ்கோ விமானத்தின் கதவை மூடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணி வரை நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தேன். இரண்டாகிவிட்டதும் வெட்கத்தை மீறி ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிக்காக இன்றுவரை என்னை மன்னிக்க முடியவில்லை.

6

வண்டி நிறுத்தும் இடத்துக்குத் திரும்பியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்றா. பொட்டி கட்டிட்டியா?"

"அக்கா, நான் வரல. ஐஸ்லாந்துல இருக்கேன். டூர் வந்தோம். இங்கிலீஷ் தேதியப் பாத்து டிக்கெட் போட்டுட்டேன்."

டி.வி. நின்றது.

"படம் அனுப்பினேனேடா."

"பாக்கலக்கா."

"கட்டவெரல் போட்டியே?"

"போட்டேன். ஆனா பாக்கல."

"எப்போ தெரிஞ்சுது உனுக்கு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"நேத்து. மாமா போன் பண்ணாரே, அப்போ."

"நேத்து கெளம்பியிருந்தா வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன்டா வரல?"

தாரா வேன் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொன்னால் அக்கா உடனே இளகிவிடுவாள், குழந்தை என்றால் அவளுக்கு உயிர். அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலக்கா."

"செரி, வெக்கறேன். ஐயருக்குப் போன் போடணும்" என்றாள்.

7

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கொரட்டூரில் நடுப்பகல். மாமா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை ஆடியதில் அம்மாவின் படம், மின்விசிறி, யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலை எல்லாம் மாறி மாறி வந்தன. பிறகு அக்கா தெரிந்தாள். நனைந்த தலையை முடிந்துகொண்டு, விரலில் தர்ப்பையோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே எள்ளும் பிண்டத்துக்குப் பிசைந்த சோறும் இருந்தன. தாரா தூக்கக் கலக்கத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஐயர் இளைஞர். ரொம்பத் தன்மையாகப் பேசினார். "அம்மா, பையன் பேரைச் சொல்லுங்கோ. வரலைன்னாலும் பரவாயில்லை, அவர் பேரிலேயே சங்கல்பம் பண்ணிடலாம். இப்ப நிறைய இடத்துல அப்படித்தான் பண்றோம். அவர் வீடியோலதான் இருக்காரே."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முரளி என்ற என் பெயரை அக்கா சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"இங்க கீறவங்க பேரச் சொல்லுங்க ஐயரே" என்றாள் அக்கா. "விஜயா."

ஐயர் மாமாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு விஜயா என்று சொல்லி ஆரம்பித்தார். அப்பா பெயர், தாத்தா பெயர், அம்மா பெயர் எல்லாம் வரிசையாக வந்தன. எள்ளும் தண்ணீரும் அக்காவின் விரல் வழியாக இறங்கின. மாமா எதற்கோ எழுந்தபோது படம் தரையைக் காட்டியது. அப்படியே தரையையே காட்டிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"அத்தை ஏன் உங்க பேர் சொல்லல?" என்று கேட்டாள் தாரா. தெரியவில்லை என்றேன். அந்த வாரத்தில் எல்லாக் கேள்விக்கும் என்னிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

8

டிக்கெட் போட்டுவிட்டதால் சென்னைக்குப் போனேன். அம்மா இறந்த இங்கிலீஷ் தேதி ஒரு திங்கட்கிழமையில் வந்தது. விமான நிலையத்துக்கு யாரும் வரவில்லை. நானும் வரச் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு வண்டி பிடித்துக் கொரட்டூர் போய்ச் சேர்ந்தபோது அக்கா சாப்பாட்டுப் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "வா. இட்லி வெச்சிருக்கேன், குளிச்சிட்டு சாப்டு. சாயந்திரம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த நாளில் செய்வதற்கு எதுவுமே இல்லை. திதி முடிந்துவிட்டதால் அது யாருக்கும் முக்கியமான நாளும் இல்லை. அம்மாவின் படத்தில் திவசத்துக்குப் போட்ட மாலை காய்ந்து போயிருந்தது. கழற்றலாமா என்று கை வைத்தேன், கேட்காமல் செய்யக் கூடாது என்று கையை எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரைவரை நடந்தேன். ஸ்டேஷனுக்குப் போய் நாலு ரயிலைப் பார்த்தேன். பிறகு பஸ் பிடித்துக் கரையான்சாவடிக்கு, மாமா கடைக்குப் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, ஒரு செயினை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அக்கா என்மேல கோவமா மாமா?"

"கோவம்லாம் இல்ல நைனா. கோவம் இருந்தா கத்திட்டு உட்டுடும், உனுக்குத் தெரியாதா? அன்னிக்கு அது அழுவக்கூட இல்ல. எல்லாருக்கும் எல போட்டு, பரிமாறி, பாத்திரம் கயுவி வெச்சிட்டு, கடைசியா உக்காந்து துன்னுச்சு. நீயே கேட்டுக்கோ."

சாயந்திரம் அக்கா வந்தாள். முகம் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசினேன். தாரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள், சொன்னேன். பனியாற்றின் மேல் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும் சொன்னேன், பஸ் வந்து நின்றதையும் சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டாள். "கொழந்த கைய புடிச்சிக்கினா? நல்லதுடா" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள்.

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு ஐயர் கேட்டப்போ என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா குக்கர் மூடியைத் திறந்து கொஞ்சம் பருப்பைக் கரண்டியில் எடுத்தாள்.

"சொல்லியிருந்தா நீ வந்த மாதிரி ஆயிடும்டா. நீதான் வரலியே."

கோபமாகச் சொல்லவில்லை. பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே, வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.